‘அந்த ஊசி இருக்கா?’: உடல் எடைக்கு மருந்து எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் முழு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்ன மருந்துக்கடை. இருபத்திரண்டு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி வந்தது. அதற்கு முன்பு மாதத்துக்கு ஒருவர்கூடக் கேட்காத கேள்வியை இப்போது வாரத்துக்கு நாலு பேர் கேட்கிறார்கள். “அண்ணே, எடை குறையற அந்த ஊசி இருக்கா?”

“சீட்டு இருக்கா?” என்று கேட்டால், “வாரத்துக்கு ஒண்ணுதானேண்ணே, அதுக்கு எதுக்குச் சீட்டு?” என்கிறார்கள். சிலர் அக்காள் மகளின் சீட்டைப் போனில் காட்டுவார்கள். ஒருவர் சினிமா நடிகரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் காட்டினார். அதையும் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். ஆனால் இந்த விஷயத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன். 168 செ.மீ. உயரத்துக்கு 96 கிலோ இருந்தேன். புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டி, பத்து மாதமாக டிர்செபடைடு (மவுஞ்சாரோவில் இருக்கும் மருந்து) போட்டுக்கொள்கிறேன். இப்போது 83. இந்தப் பத்து மாதத்தில் அந்த டாக்டர் என்னை மூன்று இடத்தில் பிடித்து நிறுத்தினார். இருபத்திரண்டு வருடம் மருந்து விற்றவனுக்கே மூன்று இடம் என்றால், போனைக் காட்டி வாங்க வருபவருக்கு எத்தனை இருக்கும்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டேப்பை எடுங்கள்

எடையைக் கிலோவில் எழுதி, அதை மீட்டரில் அளந்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனக்கு 96-ஐ 1.68-ஆல் இரண்டு முறை வகுத்தால் 34. மேல்நாட்டுக் கணக்கில் 30-க்கு மேல்தான் உடல் பருமன். நம்மவர்களுக்கு அந்தக் கோடு கீழே இருக்கிறது. 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன். ஒல்லியாகத் தெரியும் ஆளுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை வருவது நம் பக்கத்து உடம்பின் வாகு. அதனால் தொப்புளை ஒட்டி இடுப்பையும் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இதைத் தாண்டினால் எடை எவ்வளவு என்றாலும் கவனிக்க வேண்டியதுதான்.

இது நமக்கு அடுத்தவர் வீட்டுப் பிரச்சினை இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், புதுச்சேரிப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 46 பேர் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் இருந்தார்கள். தமிழ்நாட்டில் சுமார் 40 பேர்.

சரி, 25-ஐத் தாண்டிய எல்லோருக்கும் மருந்தா? இல்லை. புதிய ஊசிகள் அனுமதிக்கப்பட்டிருப்பது பி.எம்.ஐ. 30-க்கு மேல் உள்ளவர்களுக்கு. 27-க்கு மேல் என்றால் கூடவே இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தூக்கத்தில் மூச்சு நின்று திரும்புவது மாதிரி ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். நம்மவர் உடல்வாகை வைத்து, துணை நோய் இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே மருந்தை யோசிக்கும் டாக்டர்களும் உண்டு. அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. தைப் பூசத்துக்குள் கல்யாணப் புடவை ரவிக்கை பொருந்த வேண்டும் என்பது இந்த மருந்துக்கான காரணம் ஆகாது.

எந்த டாக்டரிடம் போவது, என்ன கொண்டுபோவது

பொது மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர் போதும். சர்க்கரை, தைராய்டு எல்லாம் சேர்ந்து இருந்தால் நாளமில்லாச் சுரப்பி நிபுணர் நல்லது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மரில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். ஒரு நிபந்தனைதான். ஊசியை எழுதிக் கொடுப்பவர் மாதா மாதம் உங்களைத் திரும்பப் பார்க்கிறவராகவும் இருக்க வேண்டும். வீடியோ காலில் ஐந்து நிமிடம் பேசி, வயிற்றில் கை வைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறவரிடம் இதை ஆரம்பிக்காதீர்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் எழுதிப் போவதைவிட அட்டையையே காட்டுவது மேல். ஏனென்றால் எடை ஏறுவதற்கே சில மாத்திரைகள் காரணமாக இருக்கும். சர்க்கரைக்குத் தரும் இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன், அப்புறம் ஸ்டீராய்டு, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநோய்க்குத் தரும் ஒலான்சபைன் எல்லாம் எடையைக் கூட்டக்கூடியவை. மூட்டுவலிக்கு என்று பொட்டலத்தில் வாங்கும் பெயர் தெரியாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. அதையும் பையில் போடுங்கள், வெட்கப்படாதீர்கள். நீங்களாக மட்டும் எதையும் நிறுத்தக் கூடாது.

டாக்டர் என்னை முதலில் பிடித்தது இந்தப் பையில்தான். முழங்கால் வலிக்கு என் கடையிலிருந்தே டைக்ளோஃபினாக் எடுத்து வாரத்துக்கு நாலு நாள் போட்டுக்கொண்டிருந்தேன். “வாந்தி, பேதியில உடம்புல தண்ணி குறையும். அது மேல இதையும் போட்டா கிட்னி என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?” என்றார். சொல்ல வேண்டியதில்லைதான். இந்த எச்சரிக்கையை நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. உங்களுக்கோ இரத்த உறவுகளுக்கோ தைராய்டு புற்றுநோய் வந்திருக்கிறதா? அதில் மெடுல்லரி என்ற வகை இருந்தால் இந்த ஊசிகள் கூடாது. கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா? பித்தப்பையில் கல்? சர்க்கரையால் கண்ணில் கோளாறு? மன அழுத்தத்துக்கு மருந்து? அப்புறம், குடிப்பழக்கம். புதுச்சேரிக்காரர்களும், சனிக்கிழமை மட்டும் புதுச்சேரிக்காரர்களாக மாறும் கடலூர்க்காரர்களும் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணைய வீக்கத்துக்குச் சாராயம் ஏற்கெனவே பெரிய காரணம். அதோடு இந்த மருந்தும் சேர்வதை டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்கள் கர்ப்பத் திட்டத்தைச் சொல்வது கட்டாயம். செமாகுளூடைடு (வெகோவியில் இருக்கும் மருந்து) என்றால் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடியது. தொடங்கிய 4 வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் 4 வாரமும் வேறு தடுப்பு வேண்டும். நீர்க்கட்டியால் குழந்தை தங்காமல் இருந்தவர்களுக்கு எடை குறைந்ததும் கரு தங்குவது நடக்கிறது. சந்தோஷமான செய்திதான், ஆனால் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது வரக் கூடாது.

இரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல், கொழுப்பு ஆகியவை வழக்கமாக இருக்கும். வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொல்லலாம். சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையையும் பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை இன்னும் மோசமாகலாம். தவளக்குப்பம் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும்போது நமக்கு அதில் சாக்குச் சொல்ல வழியில்லை.

என்னென்ன மருந்துகள் இருக்கின்றன

பழையது ஆர்லிஸ்டாட். 120 மி.கி. மாத்திரை, எண்ணெய் உள்ள சாப்பாட்டோடு மூன்று வேளை. சாப்பிட்ட கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். எப்படிப் போகும் என்பதுதான் சிக்கல். வடை, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இதைப் போட்டால் எண்ணெயாகவே கசியும். கடலூரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிறவர் அன்றைக்குப் போடாமல் இருப்பது உத்தமம். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்து வெளியேறும் என்பதால், படுக்கும்போது ஒரு மல்ட்டிவைட்டமின் வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். பலன் சுமார்தான். ஆனால் ஊசிக்கு வழியில்லாதவர்களுக்கு இன்னும் இது உதவுகிறது.

இப்போதைய பேச்சு முழுவதும் ஜி.எல்.பி.-1 வகை மருந்துகளைப் பற்றியது. சாப்பிட்டதும் குடலில் சுரந்து “போதும்” என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டவை இவை. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் கரைந்துவிடும், இவை மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ ஒரு வாரமோ நிற்கும். இரைப்பை மெதுவாகக் காலியாகும், பசி அடங்கும். எனக்கு அது எப்படி இருந்தது என்றால், சாயங்காலம் 4 மணிக்கு டீக்கடைத் தட்டில் இருக்கும் போண்டா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நின்றுபோனது. பிடிக்காமல் போகவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். இருபது வருடமாக என் மன உறுதி சரியில்லை என்று நினைத்திருந்தவனுக்கு அது பெரிய விடுதலை.

லிராகுளூடைடு தினமும் போடுவது, 3 மி.கி. வரை. செமாகுளூடைடு வாரம் ஒரு முறை, எடைக்கு வரும் வெகோவியில் 2.4 மி.கி. வரை. டிர்செபடைடு ஜி.எல்.பி.-1 வேலையோடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது, வாரம் ஒரு முறை 15 மி.கி. வரை. பெரிய ஆய்வுகளில், செமாகுளூடைடு 2.4 மி.கி. எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீதமும், டிர்செபடைடு 15 மி.கி. எடுத்தவர்கள் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதமும் எடை இழந்தார்கள். சராசரி என்பதைக் கவனியுங்கள். என் பத்து மாதத்துக்கு 13.5 சதவீதம். ஓசெம்பிக்கும் ரைபெல்சஸ் மாத்திரையும் செமாகுளூடைடுதான், ஆனால் சர்க்கரை நோய்க்காக வந்தவை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிபுட்ரமின் என்ற எடைக் குறைப்பு மாத்திரை இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2011-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அது இன்றும் “மூலிகை ஸ்லிம்மிங் காபி”, “பத்தே நாளில்” பொடிகளில் ரகசியமாகக் கலந்து வருவது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மூலிகை குடித்துத் தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடக்கிறது என்றால் டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள்

மவுஞ்சாரோ குப்பி வந்தபோது 2.5 மி.கி. ₹3,500, 5 மி.கி. ₹4,375. வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 வரை. வெகோவி மாதம் ₹17,345-இல் ஆரம்பித்து, 2025 நவம்பரில் இறங்கியது. செமாகுளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு உள்ளூர்க் கம்பெனிகள் தயாரிக்கத் தடை இல்லை. எனவே வாங்கும் அன்றைய விலையை இரண்டு கடையில் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்காது.

முதல் மாத விலையை மட்டும் பார்த்து இறங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அளவு கூடக் கூட விலையும் கூடும். அதோடு பரிசோதனை, டாக்டர் கட்டணம் எல்லாம் உண்டு. நகையை வைத்து மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்துகிறவருக்குக் குறைந்த எடையும் திரும்பும், வட்டியும் நிற்கும். ஒரு வருடத்துக்குத் தாங்காது என்று தோன்றினால் டாக்டரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேறு வழிகள் இருக்கின்றன. பி.எம்.ஐ. மிக அதிகமாக இருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சையும் அதில் ஒன்று.

கடையில் வாங்கும்போது

இது என் பேட்டை, கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

சீட்டும் பில்லும் இல்லாமல் தருகிற கடையில் வாங்காதீர்கள். பில்லில் பேட்ச் எண் இருக்க வேண்டும், பெட்டியில் இருப்பதோடு அது ஒத்துப்போக வேண்டும். கடைக்காரர் மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கிறாரா, கண்ணாடி ஷோகேஸிலிருந்து எடுக்கிறாரா என்று பாருங்கள். திறக்காத ஊசிப் பேனாவோ மருந்துக் குப்பியோ 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. மருந்து தெளிவாக இருக்க வேண்டும், கலங்கலோ துகளோ கூடாது. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, டெலிகிராமில் பாதி விலைக்கு வந்தது எல்லாம் எத்தனை மணி நேரம் எந்த வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பது அதுதானா என்பதும் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ் பேக் வைத்த சின்னப் பெட்டி வேண்டும். மருந்து நேராக ஐஸைத் தொடக் கூடாது, நடுவே ஒரு துணி சுற்றுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழேயும் வேண்டாம், கதவிலும் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள். வெளியே வைக்க நேர்ந்தால் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும், உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டில் போட்டிருக்கும். நம் ஊரில் கத்திரி வெயிலில் பகலில் 30 டிகிரிக்குள் இருப்பது சந்தேகம்தான்.

புயலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது கடலூரில் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை மூழ்கடித்தபோதும் இன்சுலின் போடுகிறவர்கள் என் கடை வாசலில் ஐஸ் கேட்டு நின்றார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று மாத மருந்தை ஒன்றாக வாங்கி அடுக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு வாங்கினால் போதும்.

அப்புறம் இந்தப் பங்கு போடும் கதை. “ஒரு குப்பி வாங்கி எனக்குப் பாதி, வூட்டுக்காரிக்குப் பாதி” என்று ஒருவர் கேட்டார். குப்பி ஒருவருக்கு ஒரு முறைக்கானது. கெட்டுப்போகாமல் காக்கும் மருந்து அதில் இல்லை. மறுபடி ஊசி குத்தினால் கிருமி போகும். பேனாவையும் ஊசி முனையை மாற்றிவிட்டாவது இன்னொருவர் போடக் கூடாது.

போட்டுக்கொள்வது

சருமத்துக்கு அடியில் போடும் ஊசி. தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றில், அல்லது தொடையில். வாரா வாரம் இடத்தை மாற்றுங்கள். முதல் ஊசியை டாக்டர் முன்னால் அல்லது நர்ஸ் முன்னால் நீங்களே போட்டுப் பழகிவிட்டால் பிறகு பயமில்லை. இன்சுலின் போடும் வீடுகளில் இது கொசுக்கடி மாதிரிதான். குப்பியில் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிர்செபடைடு குப்பியில் ஒரு முறைக்கு 0.5 மி.லி. U-100 என்று போட்ட இன்சுலின் சிரிஞ்சில் எடுத்தால் அது 50 என்ற கோடு. அதை “50 யூனிட்” என்று பேச ஆரம்பித்தால் ஒரு நாள் யாராவது இன்சுலினோடு குழப்பிக்கொள்வார்கள். மி.லி., மி.கி. என்றே சொல்லிப் பழகுங்கள்.

கிழமையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். குமட்டல் பெரும்பாலும் போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் அதிகம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. அதனால் வியாழன் இரவு போட்டுக்கொள்கிறேன். வெள்ளி, சனி ரசமும் மோரும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு உடம்பு தயாராகிவிடும்.

அளவு எப்போதும் கீழிருந்து ஏறும். செமாகுளூடைடு 0.25, 0.5, 1, 1.7, 2.4 என்றும், டிர்செபடைடு 2.5, 5 என்று இரண்டரை இரண்டரையாகவும் கூடும். ஒவ்வொரு படியிலும் குறைந்தது 4 வாரம். முதல் படி எடை குறைக்க இல்லை, வயிறு பழகத்தான். “ஒரு மாசம் ஆச்சு, ஒரு கிலோதான்” என்று கோபித்துக்கொள்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

டாக்டர் என்னை இரண்டாவதாக நிறுத்தியது இங்கேதான். இரண்டாம் மாதம் 5 மி.கி.-க்கு வந்தேன். மூன்றாம் மாதம் 7.5 போகலாம் என்று நானே பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். அவர் மலச்சிக்கலைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, “5-லயே எடை இறங்குது. ஏன் ஏத்தணும்?” என்றார். மேலும் இரண்டு மாதம் அங்கேயே நின்றேன். மலச்சிக்கலும் குறைந்தது. வேலை செய்யும் மிகக் குறைந்த அளவுதான் சரியான அளவு, உச்ச அளவு என்பது எல்லோரும் தொட வேண்டிய கோபுரக் கலசம் இல்லை.

ஒரு வாரம் மறந்துவிட்டால்? டிர்செபடைடு என்றால் 4 நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த கிழமைக்குப் போட வேண்டும். வெகோவி என்றால் அடுத்த ஊசிக்கு 2 நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். இரண்டை ஒன்றாகப் போடவே கூடாது. இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால் பழைய அளவிலிருந்து தொடராதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

பயன்படுத்திய ஊசி முனைகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் மருத்துவமனையில் கேட்டுக் கொடுங்கள். குப்பை அள்ளுகிறவர் கையில் அது குத்தக் கூடாது.

சாப்பாடு: இப்போது குறைவாகத்தான் இறங்கும், அதனால் எது இறங்குகிறது என்று பாருங்கள்

இரண்டாவது வாரம், பழக்க தோஷத்தில் ராத்திரி 9 மணிக்கு மூன்று பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதைப் படித்திருந்தேன், அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். காலை 5 மணிக்கும் அந்தப் பரோட்டா இருந்த இடத்திலேயே இருந்தது. அப்புறம் இல்லை. மேலும் விவரிக்க வேண்டாம்.

கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக, எண்ணெய் குறைத்து, ராத்திரி சாப்பாட்டை 7:30-க்குள் முடித்துக்கொண்டால் பாதிக் குமட்டல் இருக்காது. போதும் என்று தோன்றிய கணத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். கல்யாணப் பந்தியில் “இன்னும் கொஞ்சம்” என்று வாளியோடு நிற்கும் மாமாவிடம் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

பசி இல்லையே என்று இரண்டு இட்லி, ஒரு காபி என்று நாளை ஓட்டினால் கொழுப்போடு சதையும் கரையும். தராசு இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாத பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஒரு முட்டை 6 கிராம். 100 கிராம் மீன் கிட்டத்தட்ட 20. ஒரு கப் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 12-ஐ ஒட்டி இருக்கும். ஒரு டம்ளர் பால் 6, 7. துறைமுகத்தில் மத்தியும் கானாங்கெளுத்தியும் சங்கராவும் கிடைக்கும் ஊரில் புரத மாவு டப்பாவைத் தேட வேண்டியதில்லை. குழம்பாக வையுங்கள், வறுக்காதீர்கள். கருவாடு வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை, ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த உப்பைக் கணக்கில் வையுங்கள். தட்டில் முதலில் மீன் அல்லது முட்டை, அப்புறம் காய், கடைசியில் சோறு. வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுவதால் இந்த வரிசை முக்கியம்.

தண்ணீர் தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும், வெயில் காலத்தில் மோரும் சேர்த்து. மலச்சிக்கலுக்குக் கொய்யாவும் கீரையும். நடைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையோ, சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோ இருக்கிறது. நடை மட்டும் சதையைக் காப்பாற்றாது. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்குவது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது என்று ஏதாவது வேண்டும். நான் பாதி நிரப்பிய தண்ணீர்க் கேனைத் தூக்கி இறக்குகிறேன்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

குமட்டல், ஏப்பம், பேதி, மலச்சிக்கல், அசதி எல்லாம் ஆரம்பத்திலும் அளவு கூட்டும்போதும் வரும், பெரும்பாலும் தணியும். எடை வேகமாகக் குறையும்போது மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொட்டுவதும் உண்டு. பெரும்பாலும் திரும்ப வளரும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை வேறு. மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் சேர்ந்தால் அது கணையமாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பை. எதைக் குடித்தாலும் தங்காமல் வாந்தி எடுத்துச் சிறுநீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. திடீரென்று பார்வை மங்குவது, கழுத்தில் கட்டி, தற்கொலை எண்ணம், இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். “கேஸ் ட்ரபுள்” என்று சோடா வாங்கிக் குடித்துக் காத்திருக்காதீர்கள்.

கிளிமிபிரைடு கலந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. இந்த ஊசிகள் தனியாகச் சர்க்கரையை அதிகம் தாழ்த்துவது அரிது, அவற்றோடு சேர்ந்தால் தாழ்த்தும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர். சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ தவக்காலமோ, இருக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

பல் தவிர வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், எண்டோஸ்கோப்பிக்குப் போனாலும், மயக்கம் கொடுப்பவரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். பல்லுக்கும் மயக்கம் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். இரைப்பை முழுதாகக் காலியாகாமல் இருந்து, மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

மாதா மாதம் திரும்பப் போவது

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். எடை குறைகிறது, உடம்புக்கு ஒன்றுமில்லை, எதற்கு முந்நூறு ரூபாய் கொடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டும்? எனக்கும் ஆறாம் மாதம் அப்படித் தோன்றியது. அந்த மாதம்தான் கடையில் குனிந்து அட்டைப்பெட்டியை எடுத்து நிமிரும்போது கண் இருட்டியது. போய்க் காட்டினேன். இரத்த அழுத்தம் 100-க்கு 64. எடை 88-க்கு வந்துவிட்டது, ஆனால் 96 கிலோ ஆளுக்கு எழுதிய அழுத்த மாத்திரையை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தேன். பாதியாகக் குறைத்தார். அது மூன்றாவது இடம். உடம்பு மாறும்போது மற்ற எல்லா மருந்தின் அளவும் மாறும் என்பதை ஊசிப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

ஒரு நோட்டில் வாரம் ஒரு நாள் எடை, மாதம் ஒரு முறை இடுப்பு, போட்ட இடம், வந்த தொல்லை எல்லாவற்றையும் எழுதுங்கள். தினமும் தராசில் ஏற வேண்டாம். தாங்கும் அளவுக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் எடை 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால், இந்த மருந்து உங்களுக்கு ஒத்துவரவில்லையோ என்று டாக்டர் யோசிப்பார். சிலருக்கு அப்படித்தான். அது உங்கள் குற்றம் இல்லை, இன்னும் காசைக் கொட்டவும் வேண்டியதில்லை.

நிறுத்துவது

முதல் நாளே டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது, நானும் கேட்கவில்லை. செமாகுளூடைடை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறும், அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. இதுவும் அதே மாதிரிதான். பசியை அடக்கிய கை எடுக்கப்பட்டால் பசி எழுந்து உட்காரும்.

அதனால் திடீரென்று நிறுத்துவதைவிட, குறைந்த அளவில் நீண்ட நாள் தொடர்வது, மெதுவாக இறக்கிப் பார்ப்பது என்று ஆளுக்கு ஏற்ப வழி பார்க்கிறார்கள். நான் 7.5-இல் இருந்து 5-க்கு இறங்கி ஐந்து வாரம் ஆகிறது. ஒரு கிலோ ஏறி, பாதி இறங்கியிருக்கிறது. சாயங்காலப் போண்டா மறுபடி லேசாகக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறது. வருகிற புதன்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது எடை, இடுப்போடு அதையும் சொல்ல வேண்டும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.